முதலில் யாரிடம் சொல்வார்கள்?

பதின்ம வயதுப் பிள்ளைகளின் பாலியல் நலத்தில் வீடும் நட்பும் செய்வது என்ன?

தமிழ்நாட்டில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் அது ஊருக்கே தெரிந்த செய்தி. தாய்மாமன் சீர்த்தட்டோடு வருகிறார். மண்டபம் பிடிக்கிறார்கள், வாசலில் படம் போட்ட பேனர் நிற்கிறது. உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் கொடுத்து இடுப்புக்கு வலு சேர்க்கிறார்கள். பாட்டி, அத்தை, சித்தி, பெரியம்மா என்று வீடு நிறையப் பெண்கள். அத்தனை பேரில் ஒருவராவது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உன் உடம்பில் நடந்திருப்பது இது, இனி உனக்குக் கரு உண்டாக முடியும், அது இப்படித்தான் உண்டாகும் என்று விளக்குவது அரிது. அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்: "இனிமே ஆம்பளப் பசங்களோட பேச்சு வச்சுக்காத."

அவளுடைய அண்ணனுக்கும் தம்பிக்கும் அந்த ஒரு வாக்கியம்கூடக் கிடைப்பதில்லை. குரல் உடைந்து, மீசை அரும்பி, தூக்கத்தில் விந்து வெளியேறியதைக் கண்டு பயந்துபோய், போர்வையை யாருக்கும் தெரியாமல் அலசிக் காயப்போடும் பையனிடம் அப்பா பேசுவது படிப்பையும் மார்க்கையும் பற்றித்தான்.

பிள்ளைகளின் பாலியல் நலம் என்றதும் நமக்கு ஒழுக்கம், கட்டுப்பாடு, செல்போன் என்று பல நினைவுக்கு வரும். இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் காதல் வரும்போது, அந்தரங்கப் படம் அனுப்பச் சொல்லி ஒருவன் நச்சரிக்கும்போது, நாள் தள்ளிப்போகும்போது, மறைவிடத்தில் புண் வந்து எரியும்போது, அந்தப் பிள்ளை முதலில் யாரிடம் போய்ச் சொல்லும்? அடுத்து நடப்பவை எல்லாம் பெரும்பாலும் அந்த முதல் ஆளைப் பொறுத்தவை. அந்த ஆள் யார் என்பதோ, பல வருடங்களுக்கு முன்பே வீட்டில் நடந்த பேச்சிலும் நடக்காத பேச்சிலும் முடிவாகிவிடுகிறது.

பேச முடிந்த சமூகம்தான் இது

'இதெல்லாம் நம்ம கலாசாரத்துல பேசுற விஷயமா?' என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாடே ஒரு பதில் வைத்திருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு 'வீட்டுக்குத் தூரம்' என்று கொல்லைப்புறத்தில் உட்காரவைக்கப்பட்ட மாதவிலக்கு, இன்று பள்ளிக்கூடத்தில் பேசப்படும் சுகாதாரச் செய்தி. கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் 'புதுயுகம்' திட்டத்தை அரசு 2012-ல் தொடங்கியது. கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அதை வீடுவீடாகக் கொண்டுபோனார்கள். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் 15 முதல் 24 வயதுப் பெண்களில் 100-க்கு 98 பேர் மாதவிலக்கின்போது சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்திய அளவில் அது 77 தான். அம்மா, டீச்சர், நர்சம்மா மூவரும் ஒரே செய்தியைக் கூச்சமில்லாமல் சொன்னார்கள். ஒரு தலைமுறைக்குள் பழக்கம் மாறியது.

எய்ட்ஸ் விஷயத்திலும் இப்படி ஒருமுறை வாய் திறந்த வரலாறு நமக்கு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில். அதன் பிறகு 2000-களின் தொடக்கத்தில் சுவரெங்கும் பஸ்ஸெங்கும் எழுதப்பட்டிருந்த 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எய்ட்ஸ்னா என்னம்மா?" என்று கேட்ட குழந்தைகள் ஏராளம். அந்தக் குழந்தைகளில் பலர் இன்று தாங்களே பெற்றோராகியிருக்கிறார்கள். விஜய் டி.வி.யில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில், நேயர்களின் பாலியல் சந்தேகங்களுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். வீட்டில் கேட்க முடியாததை முகம் தெரியாத ஒரு டாக்டரிடம் கேட்கத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் தயாராக இருந்தார்கள். தாகம் இருந்தது, வீட்டில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

மாதவிலக்குக்கு நாப்கின் என்ற இடத்தோடு பேச்சு நின்றுபோனதுதான் இன்றைய சிக்கல். அதற்கு அடுத்த படி என்ன என்பதை இப்போதும் எல்லோரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

'எல்லாருந்தான் பண்றாங்க மச்சான்'

2006-07-ல் மும்பையின் சர்வதேச மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் சேர்ந்து, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 50,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் பேசின. இந்திய இளைஞர்களின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு விரிவாக நடந்த ஆய்வுகள் குறைவு. திருமணத்துக்கு முன்பே உடலுறவு அனுபவம் உண்டு என்று சொன்னவர்கள் ஆண்களில் 15 சதவீதம், பெண்களில் 4 சதவீதம். இவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து ஆணுறை பயன்படுத்தவில்லை. இனப்பெருக்கம் பற்றியோ காதல் பற்றியோ பெற்றோரிடம் பேசியதாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். தகவல் கிடைக்கும் முக்கிய இடம் எது என்ற கேள்விக்கு முன்னால் வந்து நின்றவர்கள் நண்பர்கள்.

அந்த 15 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பையன்கள் கூட்டிச் சொல்லியிருக்கலாம், பெண்கள் பயந்து மறைத்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பெரும்பான்மையான பிள்ளைகள் அந்த வயதில் உடலுறவுக்குப் போகவில்லை. ஆனால் டியூஷன் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு பத்தாம் வகுப்புப் பையனிடம் கேட்டால், 'எல்லாருந்தான் பண்றாங்க' என்பான். யாரோ ஒருவன் அளந்துவிட்ட கதையை, வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு படத்தை, எவனோ ஒருவனின் லாட்ஜ் சவடாலை அவன் வகுப்பு முழுமைக்கும் பொருத்திப் பார்க்கிறான்.

இந்தப் பொருத்திப் பார்த்தல்தான் ஆபத்தானது. நெதர்லாந்தைச் சேர்ந்த டாஃப்னே வான் டி பொங்கார்ட் குழுவினர், 15 நாடுகளில் நடந்த 58 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நண்பர்கள் நேரடியாக வற்புறுத்துவதைவிட, 'என் நண்பர்கள் இதைச் செய்கிறார்கள்' என்ற எண்ணமே ஒரு பிள்ளையின் முடிவோடு வலுவாகப் பின்னியிருந்தது. 'கெட்ட சகவாசம்' என்று நாம் ஒரு பையனை மட்டும் விரல் நீட்டிக் காட்டுகிறோம். யாருமே கட்டாயப்படுத்தாமல், கற்பனையான ஒரு கூட்டத்தோடு ஒட்டிக்கொள்வதற்காகவே ஒரு பிள்ளை தனக்குப் பிடிக்காத காரியத்துக்குப் போகக்கூடும் என்பதை நாம் யோசிப்பதில்லை.

கூட்டத்தின் பார்வை நடத்தையில் என்ன செய்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க், தன் சக ஆய்வாளர் மார்கோ கார்ட்னரோடு சேர்ந்து 2005-ல் ஒரு கார் விளையாட்டை வைத்துச் சோதித்துப் பார்த்தார். சிக்னல் மஞ்சளாகிறது; நிறுத்தலாம் அல்லது இன்னும் கொஞ்சம் ஓட்டிப் புள்ளிகளைக் கூட்டலாம். தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதிக வித்தியாசமில்லை. நண்பர்கள் பின்னால் நின்று பார்க்கத் தொடங்கியதும் பிள்ளைகள் துணிந்து ஓட்டினார்கள். பெரியவர்களின் ஆட்டம் மாறவில்லை. அறிவு குறைவு என்பதால் அவர்கள் அப்படி ஓட்டவில்லை. அந்த வயதில் நண்பனின் பாராட்டு அவ்வளவு இனிக்கிறது.

அதற்காக நட்பைப் பகையாக்கிவிட முடியாது. நாள் தள்ளிப்போன தோழிக்காக மெடிக்கல் ஷாப்பில் பரிசோதனைக் கிட் வாங்கி வருபவள் ஒரு தோழிதான். "அவன் போட்டோ கேட்டா அனுப்பாதடி, பிளாக் பண்ணு" என்று சரியான நேரத்தில் சொல்பவளும் அவள்தான். "ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்டா" என்று பைக்கை எடுப்பவன் நண்பன். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை, தகவல்தான் இல்லை. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பேருக்கும் ஒரே அளவு தெரியாதபோது, ஒருவர் இன்னொருவருக்கு என்ன வழி காட்ட முடியும்?

'முதல் தடவைல ஒண்ணும் ஆகாது' என்பது நண்பர்கள் வட்டத்தில் உலவும் செய்தி. ஆகும், முதல் தடவையிலும் கரு உண்டாகும். 'கடையில மாத்திரை வாங்கிப் போட்டா சரியாயிடும்' என்பது இன்னொன்று. இதில் இரண்டு வெவ்வேறு மாத்திரைகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளும் அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்று. அது கரு உண்டாகாமல் தடுப்பது, உண்டான கருவை அது கலைக்காது. கருவைக் கலைக்கும் மாத்திரை வேறு. அது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டியது. எத்தனை வாரக் கரு என்று தெரியாமல், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்காமல், நண்பன் எங்கிருந்தோ வாங்கி வந்த மாத்திரையை விழுங்கி, ரத்தம் நிற்காமல் அவசரப் பிரிவுக்கு வரும் பெண்களை மகப்பேறு மருத்துவர்கள் அறிவார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசின் விதி அனுமதிக்கும் அவசரக் கருத்தடை மாத்திரையை, இங்கே பல ஆண்டுகளாகப் பெரும்பாலான மருந்துக் கடைகள் வாங்கி வைப்பதே இல்லை. கேட்டால் 'அதெல்லாம் இல்லைங்க' என்ற பதிலோடு ஒரு பார்வையும் கிடைக்கும். பாதுகாப்பான வழி கடையில் இல்லாதபோது, ஆபத்தான வழி நண்பன் மூலமாக வருகிறது.

பையன்களின் தனிமை

பெண் பிள்ளையின் விஷயத்தில் வீடு தவறாகப் பேசுகிறது என்றால், பையன் விஷயத்தில் பேசுவதே இல்லை. அந்த வெற்றிடத்தில் வியாபாரம் செய்தவர்களைத் தமிழ்நாடு நன்றாக அறியும். 'இளமையில் செய்த தவறுகளால் வாழ்க்கையைத் தொலைத்தவரா நீங்கள்?' என்ற பாணியில் பின்னிரவு டி.வி.யில் மிரட்டிய வைத்தியர்கள், எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த லாட்ஜில் தங்குவார்கள் என்று பட்டியல் கொடுத்தார்கள். சுய இன்பம் கண்டால் நரம்புத் தளர்ச்சி வரும், ஒரு துளி விந்து பல துளி ரத்தத்துக்குச் சமம் என்ற பயத்தை நண்பர்கள் பரப்பினார்கள், வைத்தியர்கள் காசாக்கினார்கள்.

விந்து வீணாவதாக நினைத்துச் சோர்வு, பதற்றம், தூக்கமின்மை என்று மருத்துவரிடம் வருபவர்களைக் கவனித்து, இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960-லேயே அதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் கொடுத்தார். சுய இன்பம் உடலைக் கெடுப்பதில்லை, பயம்தான் கெடுக்கிறது. பாலியல் சக்தியைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. இந்த இரண்டு தகவல்களையும் ஒரு அப்பா தன் மகனிடம் பைக்கில் போகும்போதுகூடச் சொல்லிவிடலாம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால், கூச்சப்படும் அப்பாக்களுக்கு அது நல்ல இடம்கூட.

பையன்களிடம் பேசாததால் இன்னொரு பெரிய விஷயமும் விட்டுப்போகிறது. சம்மதம் என்றால் என்ன என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுத்தருவதில்லை. பெண் 'வேண்டாம்' என்றால் அதற்குள் ஒரு 'சரி' ஒளிந்திருக்கிறது என்று பல காலம் சினிமா கற்றுக்கொடுத்தது. இன்று கைக்குள் இருக்கும் போனில் வரும் ஆபாசப் படங்கள் அதையே இன்னும் கொடூரமாகக் கற்றுக்கொடுக்கின்றன. மகளை ஆறு மணிக்குள் வீட்டுக்கு வரச் சொல்லும் குடும்பம், மகனிடம் 'ஒரு பொண்ணு வேண்டாம்னா அத்தோட விட்டுடணும்' என்று ஒரு முறையாவது சொல்லியிருக்க வேண்டும்.

பொள்ளாச்சி சொல்வது

வீட்டில் சொல்ல முடியாத பயம் எதற்கெல்லாம் பயன்படும் என்பதைப் பொள்ளாச்சி காட்டியது. சமூக வலைத்தளம் வழியாக நட்பு பேசி, நம்பவைத்து அழைத்துப்போய், வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து மிரட்டிய அந்தக் கும்பலின் உண்மையான ஆயுதம் கேமரா மட்டும் இல்லை. 'வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?' என்ற கேள்வி பெண்களின் மனதில் ஏற்கெனவே இருந்தது. அதை வைத்துத்தான் அவர்கள் மிரட்டினார்கள்.

2019 பிப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தன் குடும்பத்தில் சொன்னார். குடும்பம் அவரோடு நின்றது. காவல் நிலையத்துக்குப் புகார் போனது. புகார் கொடுத்தவரின் அடையாளம் வெளியிடப்பட்ட கொடுமையையும் அந்தக் குடும்பம் தாங்கிக்கொண்டது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள், ஒருவரும் பின்வாங்கவில்லை. 2025 மே 13-ம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ஆறு ஆண்டுகள் நடந்த அந்த வழக்கின் தொடக்கம், ஒரு பெண் வீட்டில் வாய் திறந்ததும், வீடு அவரைக் குற்றம் சொல்லாமல் இருந்ததும்தான்.

"நீ ஏன் அங்க போன?" என்பது பிள்ளையின் வாயை அடைத்துவிடும் கேள்வி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த வழக்குகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவினர், அக்கம்பக்கத்தார், நண்பர், காதலிப்பதாகச் சொன்னவர். மாமாவைப் பற்றியோ சித்தப்பாவைப் பற்றியோ ஒரு பிள்ளை சொல்ல வரும்போது நம்ப மறுக்கும் வீடு, அந்தப் பிள்ளையை இரண்டாவது முறையும் தனியாக விட்டுவிடுகிறது.

குடும்பமே புகார்தாரர்

வீட்டுக்குத் தெரியும்போது என்ன ஆகிறது என்ற கதையின் மறுபக்கம் நீதிமன்றங்களில் கிடக்கிறது. போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே இல்லை. குழந்தைகளைக் காக்க வந்த அந்தச் சட்டம், 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் காதலித்து ஓடிப்போனாலும் அதே வேகத்தில் பாய்கிறது.

பெங்களூருவின் என்ஃபோல்ட் அறக்கட்டளை, அஸ்ஸாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வந்த 7,064 போக்சோ தீர்ப்புகளைப் படித்துப் பார்த்தது. ஏறக்குறைய நான்கில் ஒரு வழக்கு காதல் வழக்கு. அவற்றில் பத்துக்கு எட்டு வழக்குகளில் புகார் கொடுத்தவர்கள் பெண்ணின் பெற்றோரோ உறவினரோதான். மிகப் பெரும்பாலானவை விடுதலையில் முடிந்தன. அதற்குள் பையன் சிறைக்கும் பெண் காப்பகத்துக்கும் போய், இருவர் படிப்பும் நின்றுபோயிருக்கும். சாதி மாறிய காதல் என்றால் கேட்கவே வேண்டாம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்தார். ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர்மீது, பெண் வீட்டார் கொடுத்த புகார் அது. பின்னர் புகார் கொடுத்த தரப்பே வழக்கை முடித்துவைக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கு வந்தது. பதின்ம வயதினர் ஒருவரை ஒருவர் விரும்புவதைக் குற்றமாக்குவது போக்சோவின் நோக்கம் இல்லை என்றார் நீதிபதி. 2022 டிசம்பரில் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, காதல் தொடர்பான போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று காவல் துறையினருக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்.

மேற்கு வங்க வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் சொன்னது இன்னும் வலிக்கும். 14 வயதில் 25 வயது ஆணோடு வீட்டை விட்டுப் போன பெண் அவள். அந்த ஆண் குற்றவாளி என்பதில் சட்டத்துக்குச் சந்தேகமில்லை. ஆனால் இப்போது வளர்ந்துவிட்ட அவளிடம் பேசிப் பார்த்த நிபுணர் குழுவின் அறிக்கையை வைத்து, சமூகம் அவளைத் தீர்ப்பிட்டது, சட்ட அமைப்பு அவளுக்கு உதவத் தவறியது, சொந்தக் குடும்பமே கைவிட்டது என்று நீதிமன்றம் பதிவு செய்தது. அரசமைப்பின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி அந்த மனிதருக்குத் தண்டனை விதிக்காமல் விட்டது. முழு நீதி எங்கே தவறியது என்று தேடிப் போன நீதிமன்றம், வீட்டு வாசலையும் கடந்து போக வேண்டியிருந்தது.

காதல் தெரியவந்ததும் வீடு எடுக்கும் இன்னொரு முடிவு, அவசரக் கல்யாணம். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் முந்தைய கணக்கெடுப்பின் 16.3 சதவீதத்திலிருந்து 12.8 ஆகக் குறைந்திருக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் அதே கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுக்குள் தாயான அல்லது கர்ப்பமாக இருந்த பெண்கள் 5-லிருந்து 6.3 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். இந்தப் பெண்களுக்குக் கர்ப்பக் காலத்தில் மிகவும் தேவைப்படுவது நர்சம்மாவும் ஆரம்ப சுகாதார நிலையமும். வயது 18-க்குக் கீழே என்றால் தகவல் காவல் துறைக்குப் போகும் என்பதால், வீட்டார் வயதை மாற்றிச் சொல்கிறார்கள் அல்லது மறைக்கிறார்கள். ரத்தசோகையும் ரத்தக் கொதிப்பும் கவனிக்கப்படாமல் போகும் வாய்ப்பு அங்கே கூடுகிறது.

சட்டத்தில் இருக்கும் ஒரு வாசலைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு 24 வாரம் வரை பாதுகாப்பான கருக்கலைப்புக்கு வழியுண்டு; காப்பாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். மருத்துவர் காவல் துறைக்குத் தகவல் தரும்போது, சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ம் தேதி தெளிவுபடுத்தியது. அரசு மருத்துவமனைக்குப் பயந்து எங்கோ ஒரு அறையில் போலி மருத்துவரிடம் மகளைக் கொண்டுபோய்க் கிடத்தும் அம்மாவுக்கு இந்தத் தகவல் உயிர் காக்கும்.

பேசினால் கெட்டுப்போவார்களா?

பெற்றோரின் பெரிய அச்சம் இதுதான். நாமே சொல்லிக்கொடுத்தால் தூண்டிவிட்டது போலாகாதா? இந்த அச்சம் அரசுகளுக்கும் இருந்தது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் நிறுத்தின. 2009-ல் வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்றது.

ஆதாரங்கள் வேறு பக்கம் நிற்கின்றன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, முறையான பாலியல் கல்வி உடலுறவைச் சீக்கிரம் தொடங்கவைப்பதில்லை, அடிக்கடியாக்குவதும் இல்லை என்கிறது. பல இடங்களில் அது தள்ளிப்போகவும், பாதுகாப்போடு நடக்கவும் உதவுகிறது. வீட்டுப் பேச்சைப் பற்றி லாரா விட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 52 ஆய்வுகளை, 25,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவல்களை 2016-ல் தொகுத்துப் பார்த்தது. பெற்றோரோடு பாலியல் பற்றிப் பேசிய பிள்ளைகளிடம் ஆணுறை, கருத்தடை பயன்பாடு கூடுதலாக இருந்தது. பேசியவர் அம்மாவாகவோ, கேட்டவர் மகளாகவோ இருந்தபோது அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. விளைவு பிரமாண்டமானது இல்லை. ஆனால் செலவில்லாத ஒரு பேச்சுக்கு அது பெரிது.

சமூகவியலாளர் எமி ஷாலட் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பெற்றோரையும் பிள்ளைகளையும் சந்தித்து 2011-ல் ஒரு நூல் எழுதினார். நெதர்லாந்துப் பெற்றோர் பிள்ளையின் காதலை வீட்டுக்குள் தெரிந்த விஷயமாக வைத்திருந்தார்கள். கேள்வி கேட்டார்கள், கருத்தடை இருக்கிறதா என்று விசாரித்தார்கள். அமெரிக்கப் பெற்றோரில் பெரும்பாலோர் 'என் வீட்டில் இல்லை' என்றார்கள். பிள்ளைகள் ரகசியமாகத் தொடர்ந்தார்கள். பதின்ம வயதுப் பிரசவ விகிதம் நெதர்லாந்தில் அமெரிக்காவைவிடப் பல மடங்கு குறைவு. கருத்தடையும் மருத்துவமும் எளிதில் கிடைப்பதும் இதற்குக் காரணம். அவர்கள் வாழ்க்கை முறையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தன் மதிப்பீட்டை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டே பிள்ளையின் பேச்சைக் கேட்கவும் முடியும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். "இப்ப வேண்டாம்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா என்ன நடந்தாலும் எங்கிட்டதான் முதல்ல சொல்லணும், நான் அடிக்க மாட்டேன், கத்த மாட்டேன்" என்று ஒரு அம்மா சொல்ல நெதர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை.

அம்மாவால் முடியாவிட்டால் அத்தையோ சித்தியோ கல்லூரி முடித்த அக்காவோ பேசலாம். நம் குடும்ப அமைப்பில் அதற்கு இடம் இருக்கிறது. கேலியும் கிண்டலுமாய்ப் பேசும் உரிமை உள்ள அத்தை மகள்கள், மதினிகள் காலம் காலமாகக் கல்யாணத்துக்கு முதல் நாள் மணப்பெண்ணின் காதில் சொல்லி வந்ததைப் பதினாலு, பதினைந்து வயதிலேயே சரியான தகவலாகச் சொன்னால் போதும்.

நண்பனையே ஆசிரியராக்கி

பிள்ளைகள் நண்பர்களிடம்தான் போவார்கள் என்றால், அந்த நண்பர்களுக்குச் சரியான தகவலைக் கொடுத்துவிடலாமே என்ற யோசனையில் பிறந்தது மத்திய அரசின் 'ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்கிரம்'. 2014 ஜனவரியில் தொடங்கிய இந்தத் திட்டம் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கானது. ஊருக்கு இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள் என்று 'சாத்தியா' எனப்படும் நண்பர்-வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தர வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்குத் தனி ஆலோசனை மையம் இருக்க வேண்டும். 2017-ல் வந்த பயிற்சிக் கையேடு ஒருபாலின ஈர்ப்பு இயல்பானது என்றும், பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றும், பையன்கள் அழலாம் என்றும் சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது.

தாளில் நல்ல திட்டம். ஆனால் மையம் என்பது பல இடங்களில் ஓ.பி. நேரத்தில் திறந்திருக்கும் ஒரு மேசை. பள்ளி விடும் நேரத்துக்குள் அது மூடிவிடும். வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா நிற்பார். 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று சத்தமாகக் கேட்கும் ஒரு குரல் போதும், அந்தப் பிள்ளை மறுபடி வராது. மாலை நேரம், தனி அறை, கேள்வி கேட்காத முகம் ஆகிய மூன்றையும் உறுதி செய்யாமல் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் பயனில்லை. இப்போதைக்குக் குழந்தைகள் உதவி எண் 1098-ம், தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-ம் இருக்கின்றன. வீட்டுச் சுவரில் பால்காரர் எண்ணுக்குப் பக்கத்தில் இவற்றையும் எழுதி வைக்கலாம்.

பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு வேண்டும் என்று காத்திருக்கும் பெற்றோருக்கு இன்னொரு வாய்ப்பும் வருகிறது. 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாக இலவசமாகப் போட, தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான வைரஸைத் தடுக்கும் ஊசி இது. உடலுறவு வாழ்க்கை தொடங்கும் முன்பே போட்டால் பலன் அதிகம். சிக்கிமில் 2018-ல் இதே ஊசியைப் போடும் முன் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் விளக்கிப் பேசினார்கள்; 9 முதல் 13 வயதுச் சிறுமிகளில் ஏறக்குறைய 97 சதவீதம் பேர் முதல் தவணை போட்டுக்கொண்டார்கள்.

"எதுக்கும்மா இந்த ஊசி?" என்று மகள் கேட்பாள். 'காய்ச்சல் வராம இருக்க' என்று சொல்லித் தப்பிக்காமல், அது உடலுறவு வழியாகப் பரவும் ஒரு வைரஸ், பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடும், அதனால்தான் இப்போதே போடுகிறோம் என்று சொல்லலாம். உடலுறவு என்றால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் சொல்லலாம். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவனை வெளியே போகச் சொல்ல வேண்டாம். அந்த வைரஸ் ஆண்களுக்கும் வரும், அவனும் கேட்டுக்கொள்ளட்டும்.